இருப்புச் சரிபார்ப்பு

நாக் குழு வருகிறது என்று
நூலகத்துக்கு பெயின்ட் அடிக்கிறோம்.
ரெஃபரன்ஸ் அலமாரிகளை நடுவே தள்ளி
பழைய தேர்தல் பேனர் போட்டு மூடியிருக்கிறது.
யாரோ ஒரு வேட்பாளரின் கூப்பிய கைகளுக்குக் கீழே
யூதர் வரலாறும் தேசிய இயக்கங்களும்,
எட்டுத் தொகுதி.
எண்பத்தேழில் வரலாற்றுத் துறை வாங்கியது.
வெளியே எடுத்துச் செல்லக் கூடாது
என்று சிவப்பு முத்திரை.
யாரும் கேட்காததால்
முத்திரைக்கு இதுவரை வேலை வரவில்லை.

பதிவேட்டில் எட்டு. கையில் ஏழு.
ஆறாம் தொகுதி, ஓ முதல் ஆர் வரை, இல்லை.
எனக்கு முன்பிருந்த செபமாலை சார்
வருஷா வருஷம் ‘தேடப்படுகிறது’ என்று எழுதி
ஓய்வு பெற்றார்.
நானும் எழுதி வருகிறேன்.

சாப்பாட்டு நேரம்.
பெயின்டர் நிமலரூபன் தூக்குவாளியைத் திறக்காமல்
ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்து
முதல் தொகுதியை வாசித்துக்கொண்டிருந்தான்.
கை துடைத்தாயா என்றேன். விரித்துக் காட்டினான்.
நகக்கண்ணில் மட்டும் ஐவரி டிஸ்டெம்பர்.
பி.ஏ. வரலாறு, திருமங்கலத்தில் படித்தவன்.
பிறந்தது உச்சப்பட்டி முகாம்.
எந்த நாட்டுக் குடிமகன் என்பது
இன்னும் அச்சேறவில்லை.

ஒரே வருஷம் சார், என்றான்.
ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றேழு.
ஆகஸ்ட்ல பாசல் நகரத்துல கூடினவங்க
‘அங்க போவோம்’னாங்க.
அக்டோபர்ல வில்னாவுல, ஒரு வீட்டுக்குள்ள,
ஒளிஞ்சு கூடின தொழிலாளிங்க
‘போக மாட்டோம், இங்கதான்’னாங்க.
பின்னாடி அதுக்கு ஒரு சொல்லும் வச்சாங்க,
இத்திஷ் பாஷையில. டொய்கைட்.
தமிழ்ல எப்படிச் சொல்றது?

இங்கிருத்தல், என்றேன்.
வருகைப் பதிவேடு மாதிரி இருக்கு, என்றான்.
இவண்மை, என்றேன்,
மதுரையில் வேலை பார்க்கிற திமிரில்.
அவன் பிரஷ்ஷை வாளித் தண்ணீரில் அலசினான்.
எங்க அம்மா வாயில ‘இங்க’ வராது சார்.
முப்பத்தஞ்சு வருஷமா
இஞ்ச வா, இஞ்ச பாரு, இஞ்ச வையி.
இஞ்சமைன்னு போடலாமா?
அகராதியில் இல்லையே, என்றேன்.
அகராதிக்கும் ஒரு கோட் அடிச்சிரலாம், என்றான்.

அந்தக் குறிப்பின் அடியில் சாய்வெழுத்து:
காண்க, வார்சா, 1939க்குப் பின்.
எட்டாம் தொகுதியை இறக்கினான்.
அதைப் படிக்கும்போது எதுவும் சொல்லவில்லை.
ஃபேன் ஓடவில்லை, சுவிட்ச் போர்டைக் கழற்றியிருந்தோம்.
சுவர் திட்டுத் திட்டாய்
காய்ந்துகொண்டிருந்தது.

போனவர்கள் பிழைத்தார்கள், என்றேன்,
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.
போன இடத்துல ஏற்கெனவே ஆள் இருந்துச்சே சார்,
அவங்கள எங்க போட்டிருக்கான்?
சொல்லடைவைப் புரட்டினேன். இருந்தது, ஒற்றை வரி.
காண்க, தொகுதி ஆறு.

இருவரும் அலமாரியில்
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே பார்த்தோம்.
இடைவெளியே இல்லை.
பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று
போன வருஷம் நான்தான்
நெருக்கி அடுக்கியிருந்தேன்.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டான்.
இன்று முகாமிலும் கணக்கெடுப்பு,
ஆள் நேரில் நிற்க வேண்டும்.
அட்டையில் நாலு பேர்.
படகேறிப் போன அண்ணன் பெயருக்கு நேரே
என்ன எழுதுகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.
அவனுடைய டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம்
நாகமலை ஓரமாகவே கொஞ்ச தூரம் கேட்டது.

ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே
நாலு விரல்கடை இடம் விட்டேன்.
உடனே ஏழாம் தொகுதி சாய்ந்து
எட்டையும் இழுத்துக்கொண்டது.
செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தேன்.

போகிற போக்கில்
முதல் தொகுதியை இன்னொரு தரம் திறந்திருக்கிறான்.
அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
கட்டைவிரல் அகலம் ஐவரி, ஈரமாக.
காயும்வரை மூட முடியாது.
ஐந்தரைக்கு கேட் பூட்டுவார்கள்.