பங்கு நோட்டு

சங்காட் ஜோங் ஆலையில்
எடைப்பாலத்துக் கிராணி நான்.
லோரி ஏறும்; எண் எரியும்; சீட்டு கிழிப்பேன்.
குலையை யார் வெட்டியது என்று
பாலம் கேட்பதில்லை.

முனியாண்டி கேட்பார்.

அவருக்காகச் சாலையே
அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது.
லோரிக்காரர்கள் மூன்று முறை ஹாரன் அடிக்கிறார்கள்.
இரும்புக்கடைத் தவ்கே ஆட்டுக்குப் பணம் தருகிறார்,
பெயரை மட்டும் போடாதே என்கிறார்.
மகனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது யாரால் என்று
அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

என் கையெழுத்து நன்றாக இருப்பதால்
பங்கு நோட்டு என்னிடம்.
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவேன்.
கோட்டுக்குள் பெண்கள் வரக்கூடாது.
எழுத்து வரலாம்.

தலை, தண்டல் வீட்டு வாரிசுக்கு.
அவர் பூச்சோங்கில்; தலை பஸ்ஸில் போகும்.
வலது தொடை தலைவர் பலராமனுக்கு.
ஈரல் பூசாரிக்கு.
கழுத்தும் தோலும் வெட்டியவனுக்கு.
குடல் யாருக்கு என்று நோட்டில் இல்லை.
ஆனாலும் அதை அலச
பைப்படியில் ஆறு பெண்கள் எப்போதும் இருப்பார்கள்.
யாரும் கூப்பிட்டதில்லை.

அலசலாம். தின்னக்கூடாது.
முனி கறி தின்றவள் வயிற்றில்
கரு தங்காதாம்.
கிளினிக்கில் தாதியாக இருக்கும் ரஞ்சிதம்கூட
இதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வருஷம் சன்னாசி அண்ணனுக்குக் கை நடுங்கியது.
டயாலிசிஸுக்குப் போய் வந்த கை.
ஒரே வெட்டில் விழாவிட்டால் ஊருக்கு ஆகாது.
இளவட்டங்கள் எல்லாரும் போனைப் பார்த்தார்கள்.
செம்பனை வெட்ட வந்த நேபாளி,
தில் பகதூர்,
செருப்பைக் கழற்றினான்.

ஒரே வெட்டு.

அப்புறம் கூட்டம். ரத்தம் காயும் முன்பே கூட்டம்.
வெளியாளுக்குக் கழுத்து உண்டா?
முனி ஏற்றுக்கொண்டாரே என்றார் பூசாரி.
ஏற்றது வெட்டை, ஆளை இல்லை என்றார் தலைவர்.
இருபது நிமிஷம்.
கழுத்தைக் கொடுத்தார்கள், தோலை நிறுத்திக்கொண்டார்கள்.
வெட்டியவன் என்று மட்டும் எழுது, பேர் வேண்டாம்.
எழுதினேன்.

அவன் இலைப்பொட்டலத்தை வாங்கிக்கொண்டு
சுற்றிப் பார்த்தான்.
என் நாற்காலியைக் காட்டி
"காக்கா புஞா மானா?" என்றான்.

காக்காய்க்கு வைத்தாச்சு என்றார் யாரோ. சிரிப்பு.
அவன் கேட்டது அக்காவை.
அக்காவின் பங்கு எங்கே என்று.

அவன் வீட்டில், ஆடு விழுந்த நாளில்
அக்கா கையில் வைக்காமல்
அடுப்பு மூட்ட மாட்டார்களாம்.
அதுவும் ஏதோ சாமி சொன்னதுதான்.
எங்கள் சாமி வேறு மாதிரி சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.
கழுத்தைப் பாதியாக வெட்டிக்
கோட்டைத் தாண்டி நீட்டினான்.

நம்பிக்கையெல்லாம் இல்லை என்றுதான்
இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கை நம்பியது.
நோட்டைக் கீழே போட்டுவிட்டு
முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
தங்குவதற்கு இனி எதுவும் இல்லை.

வாங்கினேன்.

வீட்டு ஐஸ்பெட்டியில்
கெம்போங் மீனுக்கு அடியில்
ஒன்பது நாள் கிடந்தது.
மருமகள் அந்தப் பக்கம் கையை விடவில்லை.
எனக்குச் சமைக்கவும் வரவில்லை, எறியவும் வரவில்லை.

பத்தாம் நாள் விடியற்காலை
கைப்பையில் எடுத்துப்போய்
பாலத்தின் நட்ட நடுவில் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் பாலம்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்கு ஒன்றும் தெரியாது.
பூஜ்யம் என்றது.

முதல் லோரி
வளைவில் வந்துகொண்டிருந்தது,
மூன்று முறை ஹாரன் அடித்துக்கொண்டு.