விடுப்புக் கடிதம்

எண்பத்தியோராம் இடத்திலிருந்து எழுதுகிறேன்.
பட்டியலில் என் பெயருக்குக் கீழே
ஒரு சிமென்ட் விளம்பரம் மட்டும்.

இரண்டாம் தரச் சுற்று. ஒன்பது ஊர்கள்.
நானும் ஏனோக்கும் ஒரே அறை, ஒரே ஆட்டோ, ஒரே சோப்பு.
மைசூரில் அவன் நாற்பதாவது, நான் கட் தாண்டவில்லை.
விசாகப்பட்டினத்தில் கடல் காற்று,
இருவருமே வெளியே.
திரும்பும் ரயிலில் கோல்ஃப் பையைப் பார்த்து
"உள்ளே வீணையா தம்பி?" என்றார் ஒருவர்.
ஆமாம் என்றுவிட்டான் ஏனோக்.
வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என்று
விடிய விடியத் தூங்குவதுபோல் நடித்தோம்.

என் பட்டர் சரியில்லை என்று போனில் சொன்னேன்.
அம்மா
வேறு கோயிலுக்குப் போகச் சொன்னாள்.

ஜாம்ஷெட்பூரில் அவனுக்கு என்னவோ ஆயிற்று.
பெரிதாக ஒன்றுமில்லை.
நான்கடித் தூரப் பந்துகள் குழிக்குள் போகத் தொடங்கின.
அதே தோள், அதே வீச்சு,
கட்டைவிரலில் கிழிந்த அதே கையுறை.
நான்கடி.
ஓர் ஆள் படுத்தால் கால் வெளியே நீளும்.

அகமதாபாத்தில் இரண்டாவது.
கோவையில் காசோலை.
அடுத்த ஊரில் தனி அறை எடுத்தான்.
அதில் தப்பில்லை.
சோப்பை எனக்கு விட்டுப் போனதுதான்.

கடைசிப் போட்டி சென்னையில்.
முதல் ஐந்து பேருக்குப் பெரிய சுற்றில் இடம்.
அவன் ஆறாவது.

அவன் அப்பா ஞானமுத்து
கிண்டிப் பக்கத்து அந்த மைதானத்தில் குழி வெட்டுகிறவர்.
இருட்டோடு வந்து புல்லில் முழங்காலிட்டு
இரும்பு உருளையைத் திருகி இறக்குவார்.
நாலேகால் அங்குல வாய்.
நேற்றைய குழியை அந்த மண்ணாலேயே அடைத்து
தண்ணீர் தெளித்து
உள்ளங்கையால் தடவிவிட்டால்
தழும்பு தெரியாது.
இந்த ஊரில் குழி வெட்டுகிற வேறு யாரும்
மறுநாள் வந்து மூடி நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை போட்டி அலுவலகத்துக்குப் போனேன்.
நல்லவன்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
"தப்பா நினைக்காதீங்க சார்.
குழி எங்கன்னு அவங்க வீட்டுக்கு
ராத்திரியே தெரிஞ்சிடும் இல்லையா?"

அவர் மிக்சரை மென்றபடியே
கோப்பிலிருந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.
கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை.
என் மகன் ஆடுவதால் அந்த வாரம்
நான் மைதானத்துக்குள் இருப்பது முறையல்ல.
சம்பளம் பிடித்துக்கொள்ளவும்.

தேதி, ஜூலை பதினொன்று.
அன்றைக்கு நாங்கள்
வீணையோடு ரயிலில் வந்துகொண்டிருந்தோம்.

அறுபத்தெட்டு. எழுபது. அறுபத்தாறு.
இவை அவனுடையவை. என்னுடையதைக் கேட்காதீர்கள்.
கடைசி நாள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
பதினெட்டாவதில் நான்கடி மிச்சம்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
என்ன வேண்டிக்கொண்டேன் என்பது தெரியும்,
சொல்ல மாட்டேன்.
காலிச் செம்பில் கொட்டைப்பாக்கு விழுந்த சத்தம்.

மூன்று நாளும் ஞானமுத்து
பீச் - தாம்பரம் வண்டியில் போய்ப் போய் வந்தாராம்.
சைதாப்பேட்டை தாண்டியதும்
எழுந்து கதவருகே நிற்பாராம்.
அங்கிருந்து ஒன்றும் தெரியாது. ஆறு, குப்பை,
யாரோ காயப்போட்ட போர்வை, மரங்கள்.
கிண்டி வந்ததும் உட்கார்ந்துவிடுவாராம்.
ஏனோக் சொல்லித்தான் தெரியும்.
நான் அலுவலகத்துக்குப் போனது அவனுக்குத் தெரியாது.
தெரிந்திருக்கவும் கூடும்.

திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனேன்.
பதினெட்டாவதில் யாரும் இல்லை.
அவன் பந்து விழுந்த இடத்தைத் தேடி
முழங்காலிட்டு, உள்ளங்கையால் தடவினேன்.
ஈரம். வேறொன்றும் தட்டுப்படவில்லை.

"எதையாச்சும் தொலைச்சிட்டியாப்பா?"
கையில் இரும்பு உருளையோடு
ஞானமுத்து நின்றிருந்தார்.