மூன்றாம் தொட்டி

வெருலத்தில், குன்றின் மேல் ஆஸ்பத்திரி.
குறைமாதக் குழந்தைகள் வார்டு வாசலில்
அட்டையும் பென்சிலுமாக நிற்பேன், காலை ஏழிலிருந்து.
கைகளை எண்ணுவது என் வேலை.
யார் கழுவினார்கள், எத்தனை விநாடி,
கட்டைவிரலை மறந்தது யார்,
மோதிரத்தைக் கழற்றாதது யார்.
அறிக்கை இங்கிலீஷில் போகும்.
எண்ணுவது மட்டும் தமிழில்,
ஒன்றிலிருந்து இருபது வரை, உதடு அசையாமல்.

என்னைக் கண்டால் எல்லோரும் கழுவுவார்கள்.
நான் முதுகைத் திருப்பிய பிறகு நடப்பதற்கு
அட்டையில் கட்டம் இல்லை.

மார்ச்சில் ஆறாம் நம்பருக்குக்
காய்ச்சல்கூட வரவில்லை. உடம்பு குளிர்ந்தது.
யுகேஷ்ணி படையாச்சியின் மகள், எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.
முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள்.
இருபத்திரண்டாம் நாள் விடியற்காலை போனாள்.
பிறகு நான்காம் நம்பர். பிறகு ஒன்பது.
லேபிலிருந்து ஒரே பெயர் மூன்று முறை வந்தது:
கிளெப்சியெல்லா.
பெயரே இல்லாத குழந்தைகளுக்கு நடுவில்
அதற்கு மட்டும் இவ்வளவு அழகான பெயர்.
மருந்துப் பட்டியல் நெடுக
கேட்காது, கேட்காது, கேட்காது.
கடைசி ஒன்றுக்கு நேரே மட்டும்
கேட்கலாம்.

எல்லோரும் என் அட்டையைப் பார்த்தார்கள்.
டாக்டர் ஃபான் ஸ்டாடன் தன் கைகளைப் பார்த்தார்.
இரவு நர்ஸ் அழுதுகொண்டே கழுவினாள்,
முட்டித்தோல் வெடிக்கும்வரை.
கழுவினோம், அந்தக் கட்டிடம் அதுவரை காணாதபடி கழுவினோம்.
அந்த வாரம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.
அந்த வாரம்தான்
ஏழாம் நம்பரும் குளிர்ந்தான்.

தரை துடைக்கும் நொம்வுலா சொன்னாள்,
நான் கேட்காமலே, வாளியைக் கீழே வைக்காமலே:
மூன்றாம் தொட்டி நாறுகிறது சிஸ்டர்.
புளித்த பால் நாற்றம்.
ஜனவரியிலேயே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் தமிழில் அதற்கும்
கைகழுவுவது என்றுதான் பெயர்.

மீந்த பாலை அங்கேதான் ஊற்றுவோம்.
இரவு மூன்று மணிக்கு அம்மாக்கள் எழுந்து பிழிந்து
நம்பர் ஒட்டிக் கொடுத்த பால்.
குழந்தை குடித்தது மூன்று மில்லி,
மிச்சம் தொட்டியில்.
வடிகுழாயின் வளைவில் அது
வழவழவென்று ஒரு தோலாகப் படிந்திருந்தது.
குழாயைத் திறந்தால் தண்ணீர் நேரே அதன் மேல் விழும்,
கண்ணுக்குத் தெரியாத சாரலாக எழும்பும்.
கழுவக் கழுவ எழும்பும்.
நீலச் சாயம் ஊற்றி, வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்தேன்.
ஆறாம் இன்குபேட்டரின் பக்கத்தில்
பதினோரு பொட்டு.
தொட்டிக்கும் தொட்டிலுக்கும் தமிழில் ஓர் எழுத்து.
இங்கே தொண்ணூறு சென்டிமீட்டர்.

பிளம்பர் வந்து பெயர்த்தெடுத்தான்.
தொட்டி இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்டுச் சதுரம்.
ஒவ்வொரு இன்குபேட்டருக்கும் ஒரு ஸ்பிரிட் போத்தல்,
மீந்த பாலுக்கு மூடி போட்ட வாளி.
பாலை இங்கே என்று ஸுலுவில் அதன்மேல் எழுதியவள் நொம்வுலா.
ஏழாம் நம்பர் பிழைத்தான்.
கடைசி மருந்து கேட்டது.
அவனுக்குக் காது கேட்குமா என்று
இனிமேல்தான் பார்க்க வேண்டும்,
அந்த மருந்து அப்படி.

ஏப்ரலில் யுகேஷ்ணி சான்றிதழ் வாங்க வந்தாள்.
எங்கோ கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தியிருந்தார்கள்,
ஜன்னல் விளிம்பெல்லாம் கரித்தூள்.
யார் கை, என்று கேட்டாள்.
கை இல்லை, தொட்டி என்றேன்.
தொட்டியில் எப்படி, என்றாள்.
பால் ஊற்றுவோம்,
அதைத் தின்று வளர்ந்தது என்றேன்.

என் பாலா?

எல்லோருடையதும் என்றேன்.
உடனே சொல்லவில்லை.
நான் தாமதித்த விநாடிகளை
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.