ஒரு முழம் குறையுது

ஷார்ஜா, அல் நஹ்தா. லிஃப்ட் பழுதான கட்டடம்.
எங்கள் வீட்டு அலமாரி மேல்,
பாஸ்போர்ட்டுகளுக்கும் மேலே, ஒரு பிளாஸ்டிக் உறை.
ஒளு இல்லாமல் தொடாதே என்பாள் உம்மா.
அந்தப் பக்கம் கால் நீட்டினால் வாப்பா செருமுவார்.
நான்கு வீடு மாறினோம்.
வாடகை ஏற ஏறக் கட்டில் போனது, சோபா போனது,
உறை மட்டும் டாக்ஸியில்
உம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தது.

பாரம்பரிய நாளுக்கு எதையாவது கொண்டுவரச் சொன்னார்கள்.
போன வருஷம் வெறுங்கையோடு நின்றேன்.
சலங்கையோடு வந்த ஹரிணி
என் பெயரட்டையைப் பார்த்து, "நீ அரபியா?" என்றாள்.
கீழ்வீட்டு சிரியாப் பையனுக்கு நான் ஹிந்தி.
இரண்டுக்கும் தலையாட்டி வைத்திருந்தேன்.

ஒளு செய்து நாற்காலி போட்டு ஏறினேன்.
முதல் வரி பிஸ்மில்லாஹ்.
அதோடு எல்லோரும் முத்தமிட்டு மடித்துவிட்டார்கள் போல.
அரபியில் எனக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று.
ஆனாலும் எழுத்துக் கூட்டத் தெரியும்.
இரண்டாம் வரி:
ம. ச்சா. ன்.
மச்சானா?

நாதியா மிஸ் அலெக்ஸாந்திரியாக்காரி.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடகடவென்று வாசித்தார்.
போகப் போக வேகம் குறைந்தது.
"எழுத்தெல்லாம் எங்களுடையது.
ஒரு சொல்கூட எங்களுடையது இல்லையே.
இந்த ஃபாவுக்குக் கீழே எதற்குப் புள்ளி?"
"ஃபா இல்லை மிஸ். பா."
அரபி வகுப்பில் நான் ஒருவரைத் திருத்தியது
அதுதான் முதல் தடவை.

மூன்று ராத்திரி பிடித்தது.

*மச்சானுக்கு சலாம்.
கொழும்புலேருந்து நீங்க அனுப்புன துணி வந்திச்சு.
ஒரு முழம் குறையுது.
கடைக்காரன் ஏமாத்துனானா, நீங்களா ஏமாந்தியளா?
மீதி இருபத்தேழு ரூவா எங்கே?
எனக்கும் கணக்குத் தெரியும்.
இங்கே ம—*

அடுத்த எழுத்து பிடிபடவில்லை.
மலை என்று பார்த்தேன். மளை. மரை.
நாக்கு அலுத்துப்போய்த் தானாகவே மடிந்தது.
மழை.
*இங்கே மழை இல்லை.*
ஜன்னலுக்கு வெளியே ஷார்ஜாவிலும் இல்லை.
அரபிக்குத் தொண்டையில் எத்தனையோ எழுத்து,
இதற்கென்று ஒன்று கிடையாது.
இருந்த எழுத்தின் மேல் புள்ளி குத்தி
விசா இல்லாத ஒலியைக் குடியேற்றியிருக்கிறார்கள்
எங்கள் ஆட்கள்.

கையொப்பம்: சுலைகா நாச்சி, காயல்பட்டினம்.
தேதி இருந்த இடத்தில் மடிப்பு கிழிந்திருந்தது.
"நமக்கு என்ன முறை வேணும்?"
உம்மா விரல் மடக்கினாள்.
நான்காவது விரலில் கைவிட்டாள்.
"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ
இதைத்தானே நெத்தியில வச்சேன்" என்று முகம் வெளிறினாள்.
"இறங்கிச்சா?"
"இறங்கிச்சு."

பாரம்பரிய நாள்.
என் மேசையில் சட்டமிட்ட ஒற்றைத் தாள்.
நாதியா மிஸ் மேடைக் குரலில் முழங்கினார்:
"ஓரு முளம் குரையுது!"
காவியம் என்று நினைத்துக் கூட்டம் பணிந்து நின்றது.
பஸ் நடத்துனர் அப்பாஸ் காக்கா மட்டும், கீழக்கரைக்காரர்,
தண்ணீர் பாட்டிலோடு சுவரில் சரிந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்போ நீ அரபியா, தமிழா?" ஹரிணி விடவில்லை.
"வாசித்துப் பார்" என்றேன்.
அவளால் முடியாது.
மிஸ்ஸால் வாசிக்க மட்டும் முடியும்.
வாசித்து,
இருபத்தேழு ரூபாய்க்காகக் கோபப்படவும் முடிந்தவள்
அந்தக் கூடத்தில் நான் ஒருத்தி.
இம்முறை தலையாட்டவில்லை.

ராத்திரி உம்மா தாளோடு நின்றுகொண்டிருந்தாள்.
அலமாரி மேலேயா, மளிகைக் கணக்கு நோட்டுக்குள்ளேயா
என்று தெரியாமல்.
கையிலேயே வைத்துக்கொண்டு
உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"மச்சான்,
போன மாசம் நூத்தி இருபது திர்ஹம் குறையுதே."