கழித்தல் குறி

இருபத்திரண்டு வருடம்
உலகத்தை இரண்டு பத்திகளாகத்தான் பார்த்தேன்.
ஒன்பது புள்ளி எழுத்து,
நடுவில் ஒரு வாய்க்கால் அகல வெள்ளை.
க்ரோனிங்கன் நகரில்
நிலமும் கடலும் பற்றிய ஆய்விதழுக்குப்
பக்கம் கட்டுகிறவன் நான்.
பத்தியின் கடைசி வரி தனியாக அடுத்த பக்கத்தில் போய் நின்றால்
அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஹிஸ்கெ கூட்டத்தில் சொன்னாள்:
வாசகரே மாற்றிக்கொள்ளட்டும்.
எழுத்தைப் பெரிதாக்கட்டும், பத்தியை ஒன்றாக்கட்டும்,
அடிக்குறிப்பை அடியிலிருந்து எழுப்பிப்
பக்கத்தில் உட்காரவைக்கட்டும்.

துணியை மட்டும் விற்றுவிடலாமே,
தையற்காரன் எதற்கு என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

முதல் மாதக் கணக்கு வந்தது.
ஒருவர் தாளை மஞ்சளாக்கியிருந்தார்.
ஒருவர் மேற்கோள் எண்களையெல்லாம் மறைத்துவிட்டுக்
கதைபோலப் படித்திருந்தார்.
முடிவுரையை முதலில் வைத்தவர்கள் முந்நூற்றுப் பதினோரு பேர்
(நானும் அப்படித்தான் படிப்பேன், வெளியே சொன்னதில்லை).
எதையும் தொடாதவர்கள் பாதிக்குமேல்.
அவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு டெல்ஃப்சைலிலிருந்து ஒரு கடிதம்.
ரைன்டர் போல்ஹாய்ஸ், கடலணைப் பராமரிப்பு.
பார்வையின் நடுப்பகுதி போய்விட்டதாம்,
ஓரங்களால் படிக்கிறாராம்.
எழுத்தை நாற்பது புள்ளிக்கு ஏற்றியிருக்கிறார்,
வரிக்கு இரண்டு சொல், சில சமயம் ஒன்று.
"உங்கள் ஏழாம் பக்கம், என் நூற்றுத் தொண்ணூறாம் திரை.
எங்கள் அணைக்குப் பின்னால் நிலம்
ஆண்டுக்கு ஆறு மில்லிமீட்டர் உயர்கிறது என்று
அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அலுவலகத்தில் பேசுகிறார்கள்.
என் திரையில் ஆறுக்கு முன்னால் ஒரு கோடு நிற்கிறதே,
அது என்ன?"

எடுத்துப் பார்த்தேன்.
என் பத்தியில், வரி முடியும் இடத்தில் அந்தக் கோடு.
எண் மட்டும் கீழே இறங்கி
அடுத்த வரியைத் தொடங்கியிருந்தது.
சொல்லை உடைத்த இடம்போல
அத்தனை கண்ணும் தாண்டிப் போயிருக்கிறது.
ஆசிரியர் கண், மூன்று மதிப்பீட்டாளர் கண்,
விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்ட என் கண்.

கழித்தல் ஆறு.
நிலம் இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது புள்ளியில்
அது ஒரு வரப்பு நீளம் இருந்திருக்கும்.

பிழைதிருத்தம் போட்டோம், நான்கு வரி.
அவருக்கு நன்றி சொல்ல ஒரு வரி சேர்த்தேன்,
ஹிஸ்கெ வெட்டவில்லை.
அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு
அவருடைய அமைப்பை என் திரையில் போட்டு
முழுக் கட்டுரையையும் உருட்டினேன்.
ஒன்றே முக்கால் மணி நேரம்.
அசிங்கமாகத்தான் இருந்தது.
சமன்பாடுகள் கை வேறு கால் வேறாகக் கிடந்தன.
அட்டவணை என்று ஒன்றுமே இல்லை,
எண், எண், எண் என்று
ஒவ்வொன்றாக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போயின.

இப்போது என் வேலை கொஞ்சம் மாறிவிட்டது.
எந்த அகலம் என்று எனக்குத் தெரியாது,
யார் கையில் என்றும்.
எந்தக் குறியும் எந்த எண்ணும்
பிரியக் கூடாதோ அவற்றுக்கு நடுவே
கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிச்சுப் போடுகிறேன்.
அளவையும் அலகையும் சேர்த்து ஒன்று.
போல்ஹாய்ஸ் என்ற பெயருக்கும்
அதன் முன்னெழுத்துக்கும் நடுவே ஒன்று.

மற்றபடி வீட்டில் படிக்க
இரண்டு பத்திதான்.
ஒன்பது புள்ளி.
போன வாரம் பத்தாக்கினேன்.