எண்ணெய்க்கு யார் பொறுப்பு

பகானில் பிழைக்க எனக்கு
முப்பது சீன வாக்கியம் போதும்.
தலை குனிந்து வாருங்கள்.
செருப்பு இங்கே.
இது பழைய செங்கல், அது நிலநடுக்கத்துக்குப் பிறகு வைத்தது.
முப்பதில் பதினொன்று விலை பேச.

குவோ என்பவருக்கு அந்தப் பதினொன்றும் வேண்டியிருக்கவில்லை.
கேட்ட காசைக் கொடுத்துவிட்டு
மின்பைக்கின் பின்னால் ஏறி
பையை மடியில் வைத்துக்கொண்டார்,
டவுன் பஸ்ஸில் போகிறவர் மாதிரி.

வடக்குச் சீனம். தாதுங் என்று ஊர்.
நிலக்கரிச் சுரங்கத்தில் கணக்கெழுதி ஓய்ந்தவர்.
அங்கே மலையைக் குடைந்து ஆயிரக்கணக்கில் புத்தர்கள்;
அவர்களுக்கு எதிரிலேயே லாரிச் சாலை.
"கரித்தூள் மடியில் விழும், கண்ணிமையில் விழும்.
எத்தனை டன் ஏற்றினோம், சொல்வேன்.
எத்தனை அவர்மேல் இறங்கியது?
அதற்கு என் பேரேட்டில் பத்தி இல்லை."
அவர் போனிடம் சொன்னார்.
போன் என்னிடம் பர்மிய மொழியில் சொன்னது.
அடப்பாவமே என்றேன்.
அது மட்டும் எந்த மொழிக்கும் போகவில்லை.

சான்ஸித்தா குகையில் படமெடுக்கக் கூடாது.
டார்ச் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டே போய்
நிற்கும் இடத்தில் நின்றது:
அகன்ற முகம், விசித்திரத் தொப்பி,
கை மேல் ஒரு வேட்டைப் பறவை.
வடக்கிலிருந்து இறங்கி வந்த மங்கோலியன்.
இங்கே என் இருபத்திரண்டாவது வாக்கியம்:
"உங்க ஆள்!"
எல்லாரும் சிரிப்பார்கள். டிப்ஸ் அங்கேதான் விழும்.

குவோ சிரிக்கவில்லை.
வெளிச்சத்தை எடுக்கவும் இல்லை.
"எங்களிடம் முதலில் வந்தார்கள்" என்றார்,
"உங்களுக்கு மூன்று தலைமுறை முன்னால்."
பிறகு, கடன்காரனைச் சந்தையில் பார்த்தவர் போல
லேசாகத் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்தது நத்லாங்.
புத்தர் ஊரில் ஒரே பெருமாள் வீடு,
பாதி மாடங்கள் காலி.
"உங்க ஆட்களா?"
கடல் தாண்டி வந்த வியாபாரிகள் என்றேன்,
இங்கே கிடைத்த ஒரு கல் மியூசியத்தில் இருப்பதாகவும்.
வெயிலோடு வெயிலாக அங்கேயும் போனோம்.
"வாசியுங்கள்."

எனக்குத் தமிழ் வாயோடு சரி.
கோயில் ரசீதில் பார்த்துப் பழகிய
ப வ ள ம ணி,
என் பெயரின் ஐந்தெழுத்துதான் சொத்து.
கல்லில் விரல் படாமல் தேடினேன்.
ஒரு ம இருந்தது. ப-வாகவும் இருக்கலாம்.
அவர் போனை நீட்டினார்.
எழுத்து எதுவும் காணப்படவில்லை என்றது அது,
எழுநூறு வருஷத்துக் கல்லைப் பார்த்து.

கைடு பரீட்சைக்கு உருப்போட்டதைச் சொன்னேன்:
மலைநாட்டான் ஒருவன் மண்டபம் கட்டினான், கதவு போட்டான்,
அணையாமல் நின்றெரிய ஒரு விளக்கும் வைத்தான்.
ஒரு மார்க் கேள்வி.

குவோ யோசித்தார்.
"எண்ணெய்க்கு யார் பொறுப்பு?"

பரீட்சையில் அது இல்லை.

ஞாவ்ங்-ஊ வரும் வழியில் பேட்டரி செத்தது.
செம்மண் புழுதியில் நான் ஹேண்டிலைப் பிடிக்க
அவர் பின்னாலிருந்து தள்ளினார்.
இருட்டு. ஊரில் கரண்ட் இல்லை.
கோபுரங்கள் எல்லாம் ஒரே கறுப்பு;
எது புதுச் செங்கல், எது பழசு,
யாரும் கேட்கவில்லை.
ஹோட்டல் வாசலில் கைகுலுக்கினார்.
அவர் உள்ளங்கையில் மண், என் உள்ளங்கையில் மண்.

ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.
எழுந்து போய்ச் சார்ஜரைச் சொருகினேன்.
கடுகளவு பச்சை வெளிச்சம்.
மூன்று மணி வரைக்கும் தாங்கலாம்.

இருபத்திரண்டாவதை அடித்துவிட்டேன்.
அந்த இடத்துக்கு அவர் கேள்வியைச்
சீனத்தில் சொல்லித் தரச் சொல்லிப் போனைக் கேட்டு
ஐந்தாறு தரம் முணுமுணுத்தேன்.
கடைசிச் சொல் மட்டும்
வாயில் நிற்காமல் வழுக்குகிறது.