மூன்றாவது ஜோடி

பகாவ் செம்பனை ஆலையில்
இரவு எடைமேடை என்னுடையது.
லோரி ஏறும், எண் துடிக்கும், நிற்கும்.
கடைசி இலக்கத்தை எங்கள் தராசு
எப்போதும் பூஜ்யமாக்கிவிடும்;
பத்துக் கிலோவுக்குள் அதற்குக் கண் தெரியாது.

ரசீதின் பின்புறம் என் கணக்கு:
மூன்றை மூன்றாலேயே பெருக்கிக்கொண்டு ஒருத்தன் வருகிறான்,
இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு இன்னொருத்தன்.
மூன்றுக்காரன் சரியாக ஒன்று கூடுதலாக நிற்பது எங்கெங்கே?
மூன்று, இரண்டு.
ஒன்பது, எட்டு.
கோப்பி ஆறுவதற்குள் இரண்டும் கிடைத்துவிட்டன.
மூன்றாவது ஜோடிக்குத்தான் ஏழு மாதம்.

இருபத்தேழு, முப்பத்திரண்டு: ஐந்து தள்ளி.
எண்பத்தொன்று, அறுபத்து நான்கு: பதினேழு.
இருநூற்று நாற்பத்து மூன்றும் இருநூற்று ஐம்பத்தாறும்
பதின்மூன்று இடைவெளியில்
ஹார்ன்கூட அடிக்காமல் கடந்துபோயின.
நடுவில் பகல் ஷிப்ட் தவநேசன்
குப்பையென்று ரசீதுகளைக் கொட்டிவிட,
மறுபடி முதலிலிருந்து.
கால்குலேட்டரில் இடம் தீர்ந்தது.
இருபது இலக்கம் தாண்டி எங்கோ
அந்த இருவரும் தோளுரசி நிற்பார்கள் என்றே நம்பினேன்.
எஸ்டிபிஎம் கணக்கில் சி வாங்கியவள்
வேறெதை நம்புவது?

நவம்பரில் ஆறு ஏறிப் பாலம் மூடிய இரவு.
ஒரு லோரியும் இல்லை.
தேடுவதை விட்டுவிட்டு
எட்டால் வகுத்து மீதியை மட்டும் எழுதினேன்.
மூன்றின் வரிசை: மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று.
இரண்டின் வரிசை, எட்டைத் தொட்டபின்,
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
அதோடு ஒன்று சேர்த்தால் மீதி ஒன்று.
அப்படியானால்
மூன்றின் அடுக்கு இரட்டைப்படை.
அப்படியானால் அது ஒரு வர்க்கம்.
வர்க்கத்தில் ஒன்று போனால் இரண்டாகப் பிளக்கும்,
நடுவே ஒரே எண் விட்டு இரண்டு துண்டு,
இரண்டுமே இரண்டின் அடுக்கு.
இரண்டின் அடுக்குகளில்
அவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பது
இரண்டும் நான்கும் மட்டும்தான்.
ஈர்நான்கு எட்டு. ஒன்று சேர ஒன்பது.
அதற்கப்பால் யாருமில்லை,
எத்தனை இலக்கம் போனாலும்.

எழுந்து நின்றேன். ஏனென்று தெரியவில்லை.
காவல் கூண்டிலிருந்து பிஷ்ணு
தன் நேப்பாள மலாயில் கேட்டான்:
கிடைத்ததா?
கிடைத்தது, என்றேன். இல்லை என்று.
அவன் சற்று யோசித்து
பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினான்.

விடிந்து நீர் வடிந்தபின் முதல் லோரி ஏறியது.
பதினான்காயிரத்து முந்நூற்று எண்பது கிலோ.
அச்சடித்தேன்.
கடைசிப் பூஜ்யத்தைப் பார்த்து
சிரிப்பு வந்தது.